நாலு குடும்பம், அஞ்சு சென்ட்: மதுரை வெயில் தாங்கும் கூட்டு வீடு கட்ட முழு வழிகாட்டி

தனியாக மனை வாங்கி வீடு கட்டக் கட்டுப்படியாகாமல், ஒத்தி வீட்டிலேயே (மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பது) வருடக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். ஒத்தக்கடைப் பக்கம் நாங்கள் நான்கு குடும்பம் சேர்ந்து 5 சென்ட் வாங்கி, கீழே இரண்டு வீடு, மேலே இரண்டு வீடு என்று கட்டிக் குடியிருக்கிறோம். எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு யோசனை கேட்டு வந்த ஆறு குழுக்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். இரண்டு குழு கட்டி முடித்தது. ஒன்று மனையோடு நிற்கிறது. மூன்று பாதிப் பேச்சிலேயே கலைந்தன. கலைந்தவர்களிடமும் பணம் இருந்தது. எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்ற வரிசைதான் தப்பிப்போனது. அதனால் கீழே உள்ள படிகளை அந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

தொடங்கும் முன் ஒவ்வொரு குடும்பமும் கையில் வைத்திருக்க வேண்டியவை: ஒத்தி அல்லது வாடகை ஒப்பந்தத்தின் நகல், இருக்கும் கடன்களின் பட்டியல், கடைசி ஒரு வருட மின்கட்டண ரசீதுகள், வருமானத்துக்கான ஆதாரம். மின்கட்டண ரசீது எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். சித்திரை, வைகாசியில் உங்கள் கட்டணம் எவ்வளவு ஏறுகிறது என்று தெரிந்தால்தான் கூரைக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று பின்னால் முடிவு செய்ய முடியும்.

1. ஆட்களை முடிவு செய்யுங்கள்

மூன்று அல்லது நான்கு குடும்பம் போதும். இரண்டு என்றால் ஒருவர் பின்வாங்கினால் மற்றவர் மாட்டிக்கொள்வார். ஐந்தைத் தாண்டினால் ஒரு ஜன்னல் எங்கே வரவேண்டும் என்று பேசவே ஒரு மாதம் ஆகும்.

சொந்தக்காரர்களோடுதான் சேர வேண்டும் என்பதில்லை. எங்கள் நால்வரில் இரண்டு பேர் ஒரே இடத்தில் வேலை பார்ப்பவர்கள், ஒருவர் பழைய வளவில் (ஒரே முற்றத்தைச் சுற்றி இருக்கும் வீடுகள்) பக்கத்து வீட்டில் குடியிருந்தவர், ஒருவர் என் மச்சினன். வளவில் ஒன்றாக இருந்தவர்கள் நல்ல தேர்வு. ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே முற்றத்தில் துணி காயப்போட்டுப் பழகியவர்களின் குணம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

பேச்சு தொடங்கும்போதே வீட்டுப் பெண்களும் உட்கார வேண்டும். ஆண்கள் மட்டும் டீக்கடையில் பேசி முடித்து வந்த இரண்டு குழுக்கள், சமையலறை எந்தப் பக்கம் என்ற இடத்தில் வந்து உடைந்தன. நாள் முழுக்க அந்த வீட்டுக்குள் புழங்கப் போகிறவர்கள் அவர்கள்.

2. பணத்தை வெளிப்படையாக எழுதுங்கள்

ஒரு நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம்: கையிருப்பு, நகை, முடியப்போகும் சீட்டு, ஒத்திப் பணம், வங்கி தரக்கூடிய கடன். ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்தப் பணம் எந்த மாதம் கைக்கு வரும் என்று எழுதுங்கள். தொகையைவிட அந்தத் தேதிதான் முக்கியம்.

மதுரையில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒத்திப் பணம். ‘‘ஒத்தி அஞ்சு லட்சம் இருக்கு, காலி பண்ணினால் வந்துடும்’’ என்று கணக்குப் போடுகிறார்கள். வீட்டுக்காரர் அந்தப் பணத்தைக் கையில் வைத்திருக்க மாட்டார். அடுத்த ஒத்திக்காரர் வந்து கொடுத்தால்தான் உங்களுக்குத் திருப்புவார். நீங்கள் வீட்டைக் காலி செய்தால்தான் அடுத்தவர் வருவார். புது வீடு முடிந்தால்தான் நீங்கள் காலி செய்ய முடியும். ஆக, ஒத்திப் பணம் கிரயத்துக்கு உதவாது. கடைசிக்கட்ட வேலைக்குத்தான் உதவும். டைல்ஸ், பெயிண்ட், மரவேலைக் கணக்கில் அதைச் சேருங்கள். கெடு முடியும் தேதிக்கு ஆறு மாதம் முன்பே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

பதிவுச் செலவை மறந்துவிட்டு வருபவர்களும் நிறைய. கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். மனை மதிப்பு 30 லட்சம் என்று வைத்துக்கொண்டால் 2,70,000 ரூபாய், தலைக்கு 67,500. இது மனை விலையோடு சேராத தனிப் பணம், பதிவு நாளன்றே வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து, 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. பாகத்தின் மதிப்பு அதற்குள் வந்தால் மனைவி பெயரில் பதிவது பற்றி யோசியுங்கள்.

ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருந்து, நாட்டில் எங்கும் சொந்தமாகக் கான்கிரீட் வீடு இல்லாத குடும்பம் என்றால், 2024-இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் 2.0-இல் வட்டி மானியம் கேட்கலாம். வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அதிகபட்சம் 1,80,000 ரூபாய், ஐந்து தவணையாக வரும். கடன் வாங்கும்போதே வங்கியில் இதைக் கேளுங்கள்.

3. மனை பார்க்கும் முன் ஒப்பந்தம் எழுதுங்கள்

மனை கிடைத்த சந்தோஷத்தில் யாருக்கும் கசப்பான விஷயம் பேச மனசு வராது. அதனால் மனை கண்ணில் படும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

ஒருவர் பாதியில் விலகினால் போட்ட பணம் எப்போது, எப்படித் திரும்பும்? பிற்காலத்தில் ஒருவர் வீட்டை விற்க நினைத்தால் மற்ற மூவருக்கும் முதல் உரிமை உண்டா, எத்தனை நாள் கெடு? நாங்கள் 90 நாள் வைத்திருக்கிறோம். விலையை யார் மதிப்பிடுவது? ஒருவர் இறந்துவிட்டால் அவர் வாரிசு தவணையைத் தொடர முடியாத நிலையில் என்ன செய்வது? வீட்டை வாடகைக்கோ ஒத்திக்கோ விடலாமா? மொட்டை மாடி யாருடையது?

கடைசிக் கேள்வியைத் தனியாகச் சொல்ல வேண்டும். மாடி நால்வருக்கும் பொது என்று ஆரம்பத்திலேயே எழுதாவிட்டால், மேல்வீட்டுக்காரர் அது தன் தலைக்கு மேல் இருப்பதால் தன்னுடையது என்று நினைக்கத் தொடங்குவார். ஒழுகினால் சரிசெய்யும் செலவு மட்டும் பொது என்பார். மாடியின் பயன்பாடும் பராமரிப்பும் இரண்டுமே பொது என்று ஒரே வரியில் எழுதுங்கள். சோலார் போடும் நாளில் இந்த வரி உங்களைக் காப்பாற்றும்.

வக்கீல் ஒருவரைக் கொண்டு முத்திரைத்தாளில் எழுதி நால்வரும், நால்வரின் வாழ்க்கைத் துணைகளும் கையெழுத்துப் போடுங்கள். பிறகு கூட்டு வங்கிக் கணக்கு ஒன்று, இரண்டு கையெழுத்து இருந்தால்தான் பணம் எடுக்க முடியும் என்ற நிபந்தனையோடு.

4. மனை தேர்வு

விலை, பேருந்து, பள்ளிக்கூடம் எல்லாம் நீங்களே பார்ப்பீர்கள். நான் மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன்.

முதலாவது தண்ணீர். மதுரையைச் சுற்றி எங்கே திரும்பினாலும் கண்மாய், இல்லாவிட்டால் கண்மாய்க்குப் போகும் ஓடை. பங்குனி வெயிலில் பார்த்தால் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு முறை போய் நின்று பாருங்கள். முடியாவிட்டால் அக்கம்பக்கத்தில் பத்து வருடம் குடியிருக்கும் ஒருவரிடம், மழைக்கு எந்தப் படி வரை தண்ணீர் ஏறியது என்று கேளுங்கள். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை ஊரே பார்த்தது. புல வரைபடத்தில் ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை ஏதும் மனையைத் தொடுகிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது, மனையின் நீளம் எந்த வாக்கில் இருக்கிறது என்பது. நீளம் கிழமேலாக ஓடும் மனை நல்லது. அப்போது கட்டடத்தின் நீளமான சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும், குறுகிய சுவர்கள் மட்டும் கிழக்கு மேற்கு வெயிலை வாங்கும். எங்களுடையது 33-க்கு 66 அடி, கிழக்கே ரோடு. இதே மனை தென்வடலாக இருந்திருந்தால் மேற்கு வெயில் விழும் சுவர் இரண்டு மடங்கு ஆகியிருக்கும்.

மூன்றாவது, மேற்குப் பக்கம் என்ன இருக்கிறது? உயரமான பக்கத்து வீடோ பெரிய வேப்பமரமோ இருந்தால் அது லாபம். பலர் அதைக் குறையாகச் சொல்லி விட்டுவிட்டு வெட்டவெளி மனையை அதிக விலைக்கு வாங்குகிறார்கள்.

ஆவணங்களில்: 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, மனைப்பிரிவு அங்கீகாரம். அங்கீகாரம் இல்லாத மனை என்றால் 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைப்பிரிவா, வரன்முறை ஆணை (அங்கீகாரமில்லாத மனையை முறைப்படுத்தித் தரும் உத்தரவு) வாங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஆணை கையில் இல்லாமல் ‘‘விண்ணப்பம் போட்டிருக்கு, வந்துடும்’’ என்ற பேச்சுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். கட்டட அனுமதியும் வங்கிக் கடனும் இரண்டும் அங்கேதான் முட்டி நிற்கும். மனையோடு நின்றுபோன அந்த ஒரு குழுவின் கதை இதுதான்.

5. பத்திரத்தை எப்படிப் பதிவது

நான்கு பேரும் சேர்ந்து ஒரே பத்திரம் பதிந்தால் செலவு மிச்சம் என்று நினைப்பார்கள். தீர்வை மதிப்பைப் பொறுத்தது, அதனால் பெரிய மிச்சம் எதுவும் கிடையாது. சிக்கல்தான் மிஞ்சும். ஒரே பத்திரத்தில் நான்கு பெயர் இருக்கும்போது ஒருவர் வீட்டுக்கடன் கேட்டால், வங்கி மற்ற மூவரையும் கடனில் சேர்ந்து கையெழுத்துப் போடச் சொல்லும். மச்சினன் கடனுக்கு நீங்கள் பொறுப்பு, உங்கள் கடனுக்கு மச்சினன் பொறுப்பு என்றாகிவிடும்.

அதற்குப் பதிலாக, விற்பவரிடமிருந்தே நான்கு தனித்தனிக் கிரயப் பத்திரங்களாக, ஒவ்வொன்றிலும் நான்கில் ஒரு பங்கு பிரிபடாத பாகம் (மனையைத் துண்டு போடாமல் முழு மனையிலும் உள்ள பங்கு) என்று எழுதி, ஒரே நாளில் பதியுங்கள். 5 சென்ட் என்பது 2178 சதுர அடி, தலைக்கு 544.5 சதுர அடி. பத்திரத்தில் பாகத்தின் அளவையும் சதுர அடியையும் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். இப்படி இருந்தால் அவரவர் பத்திரத்தை வைத்து அவரவர் கடன் கேட்க வழி உண்டு. எந்த வங்கியில் கடன் வாங்கப் போகிறீர்களோ, அந்த வங்கியின் சட்ட ஆலோசகரிடம் பத்திர நகலை முன்பே காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பதிந்த பிறகு திருத்துவது கஷ்டம்.

ஒரே பத்திரத்தில் பதிந்துவிட்டு, அப்புறம் பாகப்பிரிவினை செய்துகொள்ளலாம் என்பவர்களுக்கு: குடும்பத்துக்குள் பாகம் பிரித்தால் தீர்வை குறைவு, வெளியாருக்குள் பிரித்தால் அதிகம். இரண்டாவது முறையும் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

பதிந்ததும் கூட்டுப் பட்டாவுக்கு மாற்றுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்களுக்காக நீங்களே கட்டிக்கொள்ளும் இந்த அளவுக் கட்டடத்துக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு தேவையில்லை. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனைக்கும், எட்டு வீட்டுக்கு மேற்படாத கட்டடத்துக்கும் அந்தப் பதிவு வேண்டியதில்லை. 5 சென்ட் என்பது 202 சதுர மீட்டர்தான்.

6. எதைச் சேர்த்து வைப்பது, எதைப் பிரித்து வைப்பது

ஒரே ஒரு முறை பெரிய செலவு வைக்கும் பொருளைச் சேர்த்து வையுங்கள்: மனை, அஸ்திவாரம், போர், சம்ப், மேல்தொட்டி, செப்டிக் டேங்க், மாடிப்படி, சுற்றுச்சுவர், துணி துவைக்கும் கல். தினமும் கை படும் பொருளைப் பிரித்து வையுங்கள்: வாசல், அடுப்படி, கழிப்பறை, மின் மீட்டர்.

சிலர் செலவைக் குறைக்கப் பொதுச் சமையலறை, பொதுக் கழிப்பறை வரை போகிறார்கள். அது தங்கும் விடுதிக்குச் சரி. குழந்தைகள், வயதானவர்கள் உள்ள குடும்பங்களுக்கு அது ஒரு வருடம்கூடத் தாங்காது. தனி அடுப்படியும் தனி வாசலும் இருந்தால்தான் தனி மின் இணைப்புக் கேட்கவும் முடியும்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் வரும் பொதுச் சுவர் பெரிய மிச்சம். அந்தச் சுவரில் வெயில் படாது, ஒரு சுவரின் கல்லும் பூச்சும் குறையும். ஆனால் அதை நாலரை அங்குலத்தில் எழுப்பாதீர்கள். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடுவதும், புருஷன் பெண்டாட்டி பேசுவதும் கேட்கும். 9 அங்குலமே கட்டுங்கள். அந்தச் சுவரை ஒட்டி இரு பக்கமும் அலமாரி வைத்தால் இன்னும் நல்லது.

7. வரைபடத்துக்கு முன் வெயிலைப் படியுங்கள்

மதுரை நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 10 டிகிரி வடக்கே இருக்கிறது. இதனால் வருவது என்ன என்று பல பொறியாளர்களே யோசிப்பதில்லை. சித்திரை தொடக்கத்தில் உச்சிவெயில் நம் தலைக்கு நேராக வந்துவிடும். அதற்கப்புறம் ஆவணி பத்தாம் தேதி வாக்கு வரை மத்தியான சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அக்கினி நட்சத்திரத்தில் வீட்டைச் சுடவைப்பது முதலில் கூரை, அடுத்து மேற்குச் சுவர், பிறகு கிழக்குச் சுவர். தெற்குச் சுவர் அந்த மாதங்களில் நிழலில் இருக்கும்.

இதை வைத்து இடம் ஒதுக்குங்கள். மேற்கே மாடிப்படி, குளியலறை, சாமான் அறை. இவை சூடானாலும் யாரும் அங்கே படுப்பதில்லை. படுக்கையறை கிழக்கு அல்லது தெற்கில். காலை வெயிலில் கிழக்குச் சுவர் சூடானாலும் இரவுக்குள் ஆறிவிடும். மேற்குச் சுவர் வாங்கிய சூட்டை நீங்கள் படுக்கும் நேரத்தில்தான் உள்ளே விடும்.

சன்ஷேடை நான்கு பக்கமும் ஒரே அளவில் போடுவது வழக்கமாகிவிட்டது. வடக்கில் ஓர் அடி நீட்டினாலே ஆனி மாத உச்சி வெயிலுக்கு நாலடி ஜன்னலுக்கு நிழல் விழும். தெற்கில் மார்கழி சூரியன் சாய்ந்து வருவதால் இரண்டடி நீட்டினால் மூன்றடிக்குத்தான் நிழல். மேற்கில் எவ்வளவு நீட்டினாலும் பயனில்லை, நாலு மணி வெயில் படுக்கைவாட்டில் உள்ளே வரும். அங்கே தேவை செங்குத்து மறைப்பு: ஓட்டை வைத்த ஜாலிக் கல், கொடிப்பந்தல், மூங்கில் தட்டி. நாங்கள் மேற்கே சுவரிலிருந்து இரண்டடி தள்ளிக் கம்பிப் பந்தல் போட்டுக் கோவைக்கொடி ஏற்றினோம். ஒரே வருடத்தில் முழுச்சுவரும் மூடிவிட்டது.

காற்று வர ஒவ்வோர் அறைக்கும் எதிரெதிரே இரண்டு திறப்பு வேண்டும், அதில் ஒன்று விட்டத்தை ஒட்டிய வெண்டிலேட்டர். சூடான காற்று மேலே ஏறும், போக வழி இல்லாவிட்டால் அங்கேயே தங்கும். ஆடிக் காற்று மேற்கிலிருந்து புழுதியோடு வரும் என்பதால் அந்தப் பக்கத்துத் திறப்பைச் சிறிதாக வைத்து வலை அடியுங்கள்.

வாஸ்து பார்ப்பவர்கள் இருந்தால் நான்கு வீட்டுக்கும் ஒரே ஆளிடம், வரைபடம் முடியும் முன் பாருங்கள். அஸ்திவாரம் போட்ட பிறகு ஒரு வீட்டுக்காரர் தனியாகப் போய் வேறொருவரிடம் கேட்டுவிட்டு வந்தால் எல்லார் வீடும் நின்றுவிடும்.

8. வீடு யாருக்கு எது: சீட்டுப் போடுங்கள்

வரைபடம் முழுதாக முடிந்த பிறகு, அஸ்திவாரம் தோண்டும் முன். இதில் தேதி முக்கியம். எந்த வீடு தனக்கு வரும் என்று தெரியாதவரை நால்வரும் நான்கு வீடும் நன்றாக வர வேண்டும் என்று பார்ப்பார்கள். முன்பே தெரிந்துவிட்டால் அவரவர் தன் வீட்டு ஜன்னலைத்தான் பெரிதாக்கப் பார்ப்பார்கள்.

முழங்கால் வலி உள்ளவர்கள், படியேற முடியாத பெரியவர்கள் இருக்கும் குடும்பத்துக்குக் கீழ்வீடு என்று முதலிலேயே ஒத்துக்கொண்டு, மற்றதற்குச் சீட்டுப் போடுங்கள். நாங்கள் யானைமலை அடிவாரத்தில் நரசிங்கம் கோயிலுக்குப் போய் உட்கார்ந்து, எங்களில் யாருக்கும் உறவில்லாத ஒரு சிறுமியை எடுக்கச் சொன்னோம். மேல்வீட்டுக்கு வந்தவர் முகம் கொஞ்சம் வாடியது. கூரைக்கு ஆகும் செலவை நால்வரும் சமமாகப் பகிர்வது என்று எழுதியிருந்ததைக் காட்டியதும் சரி என்றார்.

9. கட்டட அனுமதி

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்திருக்கிறது. 2500 சதுர அடிக்குள் மனை, 3500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளம் அல்லது தரையும் முதல் தளமும் உள்ள குடியிருப்பு என்றால் ஆன்லைனில் உடனடி அனுமதி. 5 சென்டில் தளத்துக்கு 1400 சதுர அடி வீதம் இரண்டு தளம் கட்டினால் 2800, வரம்புக்குள் வரும். எத்தனை வீடு என்பதையும் சொல்லி, விண்ணப்பிக்கும் முன்பே பொறியாளரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டாம் தளம் ஆசைப்பட்டால் இந்த வழி அடைபடும், கம்பியும் அஸ்திவாரமும் கூடும்.

10. கூரைதான் முதல் செலவு

எங்கள் பெரிய தவறு இங்கேதான். முதல் கோடையில் பணம் தட்டுப்பட்டதால் மாடிமேல் தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதிப்பதைத் தள்ளிப்போட்டோம், டைல்ஸை மட்டும் நல்லதாகப் போட்டோம். சித்திரைத் திருவிழா சமயம், ஒரு ராத்திரி ஒன்பது மணி இருக்கும், மேல்வீட்டு மதினி என்னைக் கூப்பிட்டார். ‘‘ஸ்டூல்ல ஏறி விட்டத்தைத் தொட்டுப் பாருங்கண்ணே’’ என்றார். தொட்டேன். இறக்கிவைத்து அரைமணி நேரம் ஆன இட்லிக் கொப்பரையைத் தொடுவதுபோல் இருந்தது. வெளியே வாசலில் காற்று ஆறியிருந்தது. வீட்டுக்குள் ஃபேன் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. அவர் பையன் ஈரத்துணியைத் தரையில் விரித்துப் படுத்திருந்தான்.

காரணம் எளிது. ஐந்து அங்குலக் கான்கிரீட் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டு, சாயங்காலத்துக்கு மேல் மெதுவாக உள்ளே விடும். அதனால் தடுப்பு கான்கிரீட்டுக்கு மேலே இருக்க வேண்டும். கீழே ஃபால்ஸ் சீலிங் போடுவது ஏற்கெனவே சூடான கான்கிரீட்டை மறைப்பதுதான். பலன் கொஞ்சம்தான், உயரமும் போகும்.

வரிசை இப்படி: கான்கிரீட் போட்டு நன்றாகத் தண்ணீர் கட்டிய பிறகு, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி, தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்து. அதன்மேல் தட்டோடு அல்லது வெள்ளை கூல் டைல்ஸ். தட்டோடு போட்டால் மேலே வெள்ளைப் பூச்சு. வெறும் சுண்ணாம்பே நல்ல வேலை செய்யும், ஆனால் மழையில் கரையும். வருடா வருடம் மாசிக் கடைசியில் அடித்துவிட வேண்டும். எங்களுக்கு அது இப்போது பொங்கலுக்கு வெள்ளையடிப்பதுபோல் ஒரு வழக்கமாகிவிட்டது.

இன்னும் ஒரு வழி நிரப்புக் கூரை. தளத்தின் அடிப்பாதியில் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை, அங்கே இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். கம்பிகளுக்கு நடுவே அந்த இடத்தில் ஓடு அல்லது கவிழ்த்த மண்சட்டி வைத்துக் கான்கிரீட்டைக் குறைக்கலாம், உள்ளே அடைபடும் காற்று சூட்டையும் தடுக்கும். மானாமதுரை மண்பாண்டம் நமக்கு ஒரு மணி நேரத் தூரம்தான். ஆனால் கம்பி இடைவெளியைக் கணக்குப் போடத் தெரிந்த கட்டமைப்புப் பொறியாளர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். மேஸ்திரி ‘‘பண்ணிடலாம்ணே’’ என்றால் அது போதாது.

11. சுவர்

எலிப்பொறிக் கட்டு என்று ஒன்று இருக்கிறது. செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. 9 அங்குலச் சுவரே கிடைக்கும், கல் ஏறக்குறைய கால்வாசி மிச்சம், நடுவில் உள்ள காற்று சூட்டைத் தடுக்கும். நல்ல கைப்பழக்கம் உள்ள கொத்தனார் வேண்டும், கல் ஒரே அளவாக இருக்க வேண்டும். முதல் நாள் நாலடிச் சுவர் ஒன்று மாதிரிக்குக் கட்டச் சொல்லிப் பாருங்கள். மின் குழாய், தண்ணீர்க் குழாய் போகும் இடத்தை முன்பே குறித்துக் கொடுங்கள், கட்டிய பிறகு இந்தச் சுவரை வெட்டிக் காடி எடுக்கக் கூடாது.

ஆள் கிடைக்காவிட்டால் மேற்குச் சுவரை மட்டுமாவது இப்படிக் கட்டுங்கள். மற்ற சுவருக்குச் சாதாரணக் கட்டு போதும். வெளிச்சுவருக்கு வெளிர் நிறம். அடர்ந்த நிறம் வெயிலை இழுக்கும்.

12. கட்டும் காலம்

ஒரே மேஸ்திரி, ஒரே ஒப்பந்தம், நால்வர் சார்பில் பேச ஒரே ஆள். நாலு பேரும் தனித்தனியாகத் தளத்துக்குப் போய் ஆளுக்கொரு மாற்றம் சொன்னால் மேஸ்திரி எல்லாவற்றுக்கும் கூடுதல் கேட்பார், அவர் கேட்பதில் தப்பும் இல்லை. மாற்றம் எதுவாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசி நோட்டில் எழுதிய பிறகுதான்.

பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். கடைசிக் கட்டம் கூரை ஓடு முடிந்து, மாடியில் ஒரு நாள் தண்ணீர் நிறுத்தி ஒழுகாமல் இருந்தால்தான்.

13. மின்சாரம்

நான்கு வீட்டுக்கும் நான்கு மீட்டர், பொதுப் பயன்பாட்டுக்கு ஐந்தாவது மீட்டர். வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறி உயரும். போர் மோட்டாரை ஒருவர் வீட்டு மீட்டரில் கொடுத்துவிட்டு மாதா மாதம் பணம் கொடுப்பது பலர் செய்யும் தவறு. அந்த வீடு 500-ஐத் தாண்டிவிடும், சண்டை அங்கிருந்துதான் தொடங்கும். பத்து வீட்டுக்கு மேற்படாத, மூன்று தளத்துக்கு மேற்படாத, லிஃப்ட் இல்லாத குடியிருப்பின் பொது இணைப்புக்கு 2023 முதல் குறைந்த கட்டணம் இருக்கிறது; அந்த வகையில் கேளுங்கள்.

அடுத்து ஃபேன். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி என்ற புதுவகை மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட். ஒரு ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 32 யூனிட் மிச்சம். வீட்டுக்கு நான்கு ஃபேன் என்றால் 130 யூனிட் பக்கம். சோலாருக்கு முன்னால் இதைச் செய்யுங்கள், அப்போது சின்ன சோலாரே போதும்.

பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். 1 கிலோவாட் ஒரு நாளைக்குச் சுமாராக 4 யூனிட் தரும், 100 சதுர அடி இடம் எடுக்கும். அவரவர் மீட்டரில் ஆளுக்கு 1 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். தகடுகளைத் தரையோடு ஒட்டாமல் ஏழடி உயரச் சட்டத்தில், தெற்கே 10 டிகிரி சாய்த்து வையுங்கள். கீழே நிழல் விழும், மாடி சூடாகாது, துணியும் காயப்போடலாம். சட்டத்தின் கால்களைத் தட்டோட்டைத் துளைத்து நடக்கூடாது. கூரை போடும்போதே அதற்கான பீடங்களைக் கட்டிவிட வேண்டும்.

14. தண்ணீர்

மதுரையில் வருடத்துக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. 1400 சதுர அடி மாடியில் விழுவதில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தாலும் 80 ஆயிரம் லிட்டருக்கு மேல் கிடைக்கும். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம் என்பதால் எல்லோரும் ஒரு குழி தோண்டி ஜல்லி போடுகிறார்கள். அந்தக் குழியைப் போருக்குப் பக்கத்தில் போடுங்கள், செப்டிக் டேங்கை மனையின் மறுகோடியில் போடுங்கள். முதல் மழைத் தண்ணீரை வெளியே விட ஒரு வால்வு வையுங்கள், மாடித் தூசியெல்லாம் அதில்தான் வரும்.

மேல்தொட்டி ஒன்றாக இருந்தாலும் இறங்கும் குழாய் வீட்டுக்கு ஒன்று தனித்தனியாக இருக்கட்டும். ஒரு வீட்டில் குழாய் கெட்டால் அந்த வால்வை மட்டும் மூடினால் போதும்.

15. குடியேறிய பிறகு

மாதாமாதம் ஒரே தொகை, 5-ஆம் தேதிக்குள் கூட்டுக் கணக்கில். மோட்டார் கெட்டபின் வசூல் செய்யக் கிளம்பினால் மூன்று நாள் தண்ணீர் இருக்காது. பொறுப்பு வருடத்துக்கு ஒரு வீடு என்று சுழலட்டும். செப்டிக் டேங்க் எடுத்த தேதி, மோட்டார் ரிப்பேர், சுண்ணாம்பு அடித்த நாள் எல்லாம் அதே பழைய நோட்டில்.

கோடையில் வீட்டை நடத்தும் முறையையும் நால்வரும் பழகிக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்கு மேல் கிழக்கு, மேற்கு ஜன்னல்களைச் சாத்தித் திரை போட்டுவிட்டு, பொழுது சாய்ந்து வெளிக்காற்று ஆறியதும் எல்லாவற்றையும் திறங்கள். பகலெல்லாம் திறந்துவைத்தால் அனல்தான் உள்ளே வந்து தங்கும். முதல் கோடை முடிந்ததும் நான்கு வீட்டு மின்கட்டண ரசீதையும் பழைய ரசீதுகளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு மட்டும் கூடுதலாக வந்திருந்தால் அந்த வீட்டுக்குப் போய், ராத்திரி ஒன்பது மணிக்கு, விட்டத்தையும் மேற்குச் சுவரையும் கையால் தொட்டுப் பாருங்கள். எங்கே சூடு நிற்கிறதோ அங்கேதான் அடுத்த வருடப் பொதுப்பணத்தைச் செலவழிக்க வேண்டும்.